பழத்தட்டு வீடுகள்

நடந்தவை, வரிசைப்படி:

1. டிசம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை, நான் திருமணம் செய்துகொள்வதாக இருந்தவனின் வீட்டில் ஒரு மாலை விருந்து. கிறிஸ்துமஸ், புத்தாண்டு இரண்டுக்கும் சேர்த்து. அவனுடைய சொந்தக்காரர்கள் என்னைப் பார்ப்பதற்கும் அதே விருந்து.
2. சாப்பாட்டுக்கு முன் கொறிக்கும் தட்டுகளை நான் செய்வது என்று முடிவானது.
3. எதையும் அடுப்பில் வைக்க வேண்டாம் என்றார்கள். எனக்கும் அது வசதியாகத்தான் பட்டது.
4. எட்டுத் தட்டுகள் செய்தேன். ஏழு காலியாயின.
5. எட்டாவதை யாரும் சாப்பிடவில்லை.
6. என் அம்மா பலகாரம் வைத்துக் கொடுத்தனுப்பிய தூக்குப்போசி வேறு பலகாரத்தோடு திரும்பி வந்தது.
7. அவர்களிடம் ஒரு வேளைச் சாப்பாடு கேட்டேன். எனக்கு அல்ல. அவர்கள் எங்கள் வீட்டில் வந்து சாப்பிட வேண்டும் என்று கேட்டேன்.

ஐந்தாவதற்கும் ஆறாவதற்கும் காரணம் அன்று மாலையே தெரிந்துவிட்டது. மூன்றாவதற்குக் காரணம் என் அம்மாவுக்கு முன்பே தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

நான் பீளமேட்டில் பம்பு செய்யும் ஒரு தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். ஒரு பம்பு தண்ணீரை மேலே தள்ளவில்லை என்றால், நன்றாக ஓடும் பம்புக்கும் இதற்கும் என்னென்ன வித்தியாசம் என்று எழுதி, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வருவது என் வேலை. கடைசியில் மிஞ்சுவதுதான் காரணம். அவனும் அங்கேதான், டிசைன் பிரிவில். அவன் வரைவதை நான் ஓட்டிப் பார்ப்பேன். அப்படித்தான் பழக்கம்.

அவனுடைய வீடும் பீளமேட்டில்தான். வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். தாத்தா மில் வைத்திருந்தார். இப்போது மில் இல்லை, அந்த இடத்தில் குடோன்கள் இருக்கின்றன. எங்கள் குடும்பம் மேட்டுப்பாளையம் பக்கத்துத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகக் கூலி வேலை செய்தது. முதலில் படித்தவர் என் அம்மா. அரசு சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருந்து, துடியலூரில் கடன் வாங்கி ஒரு வீடு கட்டி, அந்த விருந்துக்குச் சில மாதங்களுக்கு முன்புதான் ஓய்வு பெற்றார். அப்பா நான் கல்லூரியில் படிக்கும்போதே இறந்துவிட்டார். நாங்கள் கிறிஸ்தவர்கள். அதோடு சாதி போய்விட்டது என்று வெளியூர்க்காரர்கள் வேண்டுமானால் நினைப்பார்கள். எங்கள் ஊரில் யாரும் அப்படி நினைப்பதில்லை, சர்ச்சுக்குள்ளும்கூட.

இரண்டு வருடம் பேசிப் பேசி அவன் தன் வீட்டில் சம்மதம் வாங்கினான். சம்மதம் கிடைத்ததும் அவனுடைய அம்மா தன்னை அத்தை என்று கூப்பிடும்படி என்னிடம் சொன்னார். விருந்து பற்றி முதலில் பேசியதும் அவர்தான், போனில்.

"அம்மணி, சொந்தக்காரங்கல்லாம் வாராங்க. உன்ற கையால ஏதாச்சும் செஞ்சு வெச்சா எல்லாருக்கும் சந்தோஷமா இருக்கும் கண்ணு."

"செய்யறேங்க அத்தை. கட்லெட் போடட்டுங்களா? எனக்கு நல்லா வருமுங்க."

"அய்யோ, அன்னைக்குப் போயி எண்ணெய்ச் சட்டி முன்னால நிப்பயா? அடுப்பு மூணும் சமையக்காரம்மாவுக்கே பத்தாது. இப்பெல்லாம் போன்ல காட்டறாங்கல்ல, பழம், காய் வெச்சு, குச்சியெல்லாம் குத்தி, அந்த மாதிரி செஞ்சுபோடு. பாக்கவும் அழகு, உனக்கும் சிரமமில்ல."

மறுநாள் மதியம் ஆபீஸில் அவனிடம் சொன்னேன். என் டப்பாவிலிருந்து அம்மா செய்த கோழிக் குழம்பைத் தன் சோற்றில் ஊற்றிக்கொண்டே கேட்டான். அந்த டப்பாவில் அவனுக்குப் பங்கு உண்டு. அம்மா இரண்டு பேருக்கும் சேர்த்தேதான் வைப்பார்.

"அம்மா சொல்றது சரிதான். அடுப்பே வேண்டாம். ஸ்டைலா இருக்கும்," என்றான்.

அவன் சொன்னதும் எனக்கு அது ஒரு சவாலாகிவிட்டது. தீயில்லாமல் எட்டுத் தட்டு. வெள்ளரியை வட்டமாக வெட்டி, நடுவில் லேசாகக் குடைந்து, கெட்டித் தயிரும் மல்லித்தழையும் வைப்பது. பேரீச்சம்பழத்தைக் கீறிக் கொட்டை எடுத்துப் பச்சை முந்திரியும் தேங்காய்த் துருவலும் திணிப்பது. அன்னாசித் துண்டும் சீஸும் ஒரே குச்சியில். கொய்யாவில் மிளகாயும் உப்பும். ஊட்டி கேரட்டை நீளமாகச் சீவி ஐஸ் தண்ணீரில் போட்டால் சுருண்டு பூ மாதிரி ஆகிவிடும். அதற்கு எலுமிச்சை போதும். திராட்சை, மாதுளை முத்துகள் ஒரு தட்டு. பொரியில் பச்சை வெங்காயமும் தக்காளியும். கடைசியாக, முளைகட்டிய பாசிப்பயறு. உப்பு, எலுமிச்சை, பச்சை மிளகாய், தேங்காய். எட்டில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

தயிரை வீட்டில் துணியில் கட்டித் தொங்கவிட்டு எடுத்து வருவதாகச் சொன்னேன்.

"வேண்டாம். கடையில கெட்டித் தயிர் சீல் போட்ட டப்பாவுல வருது. அதையே வாங்கு."

"ஏன்?"

"ஹைஜீன்."

"எங்க ஊட்டுத் தயிருல என்ன ஹைஜீன் இல்ல? தினம் மோர்க்குழம்பு கொட்டிக்கறயே, அது எங்க இருந்து வந்ததாம்?"

"உன்கூட மனுசன் பேச முடியாது."

இரண்டு பேரும் சிரித்தோம். நான் கடைத் தயிரே வாங்குவது என்று எழுதிக்கொண்டேன்.

அம்மாவிடம் சொன்னபோது அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். எட்டுத் தட்டையும் கேட்டார். முடிந்ததும் ஒரு தலையணை உறையை மறுபடி பிரித்து மறுபடி மடித்தார்.

"அடுப்பே வேண்டாம்னுட்டாங்களா?"

"ஆமாம்மா. ஈஸிதானே?"

"பழத்தட்டு மாதிரி."

"அய்யோ, அம்மா! அது வேற, இது வேற."

பழத்தட்டு என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். கிறிஸ்துமஸ் காலையில் எங்கள் வீட்டிலிருந்து தெருவில் எல்லா வீட்டுக்கும் தட்டு போகும். கொண்டுபோவது நான். தட்டுகளில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் கச்சாயம், முறுக்கு, கேக். கச்சாயம் என்பது அரிசி மாவும் வெல்லப் பாகும் சேர்த்து எண்ணெயில் போட்டெடுப்பது. அம்மாவுக்கு அது நடுவில் மெத்தென்றும் ஓரத்தில் மொறுமொறு என்றும் வரும். இன்னொரு வகைத் தட்டில் ஆப்பிள், வாழைப்பழம், பிரிக்காத பிஸ்கட் பாக்கெட். எந்த வீட்டுக்கு எது என்று அம்மா வாசலில் நின்று சொல்வார். "அது பழத்தட்டு ஊடு. இது பலகாரத்தட்டு ஊடு." அந்த வீட்டுக்காரர்கள் யாரும் கேட்டு அவர் பிரித்ததில்லை. அவரே பிரிப்பார். பழத்தட்டு வீடுகளில் எல்லாருக்கும் சர்க்கரை வியாதி என்றுதான் எனக்கு ரொம்ப நாள் எண்ணம். நர்ஸ் அல்லவா, அம்மாவுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். ஒருமுறை ஒரு பழத்தட்டு வீட்டுக்கு அவசரத்தில் பலகாரத்தட்டைக் கொடுத்துவிட்டேன். அந்த வீட்டு அம்மா சிரித்த முகமாக வாங்கிக்கொண்டார். மத்தியானம் அந்தக் கச்சாயம் அவர்கள் வீட்டு மாட்டுத் தொட்டியில் கழுநீரோடு மிதந்தது. அதன்பிறகு எனக்குச் சர்க்கரை வியாதி பற்றிய சந்தேகம் வந்தது. யாரிடமும் கேட்கவில்லை. பழத்தைச் சமைக்க வேண்டியதில்லை, ஆகவே அதை யாரிடமிருந்தும் வாங்கலாம் என்ற கணக்கு கல்லூரிக்குப் போன பிறகுதான் புரிந்தது.

புரிந்தும், என் விஷயத்தில் அதைப் பொருத்திப் பார்க்கவில்லை. என்னைத்தான் ஏற்றுக்கொண்டுவிட்டார்களே.

அம்மா சனிக்கிழமை முழுக்கக் கச்சாயம் சுட்டார்.

"எதுக்கும்மா இது? அங்க எல்லாமே பச்சையாத்தான் வெக்கறோம்."

"விருந்துல வெக்க வேண்டாம். ஊட்டுக்குக் குடு. சம்பந்தி ஆகப்போறவங்க ஊட்டுக்குக் கையை வீசிட்டா போவாங்க?"

"சரி, குடு."

"தின்னா தின்னட்டும்," என்றார். அதை அவர் சொன்ன விதம் எனக்கு அப்போது உறைக்கவில்லை. ஒரு பெரிய எவர்சில்வர் தூக்குப்போசியில் வாழை இலை போட்டு அடுக்கி, மூடி, என் கையில் கொடுத்தார். நான் பம்பைச் சோதிப்பதுபோல அவர் அவர்களைச் சோதித்துப் பார்த்தார் என்று இப்போது தோன்றுகிறது. அல்லது வெறுமனே ஆசைப்பட்டிருக்கலாம். கேட்டால் சொல்ல மாட்டார்.

ஞாயிறு மதியம் நான் போனபோது அந்தச் சமையலறையில் பிரியாணிக்கு வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது. மூன்று அடுப்பும் எரிந்தன. சமையக்காரம்மா ஒருவர், அவருக்கு உதவிக்கு இன்னொருவர். எனக்கு ஒரு மேடையை ஒதுக்கிக் கொடுத்தார்கள். புதுக் கத்தி, புதுப் பலகை. காயையும் பழத்தையும் அவர்கள் வீட்டுக் குழாயிலேயே கழுவினேன். எல்லாவற்றையும் அங்கேயே வெட்டினேன். பயறு மட்டும் இரண்டு நாள் ஆகும் என்பதால் வெள்ளிக்கிழமை ராத்திரியே எங்கள் வீட்டில் ஊறப்போட்டு, துணியில் முடிந்து, விரற்கடை நீளத்துக்கு முளை வந்ததும் கொண்டு வந்திருந்தேன்.

அத்தை என் பக்கத்திலேயே நின்றார். அன்னாசியைத் தோல் சீவிக் கொடுத்தார். கேரட் சுருண்டு பூவானதைப் பார்த்துக் குழந்தைபோலக் கைதட்டினார். "இங்க பாருங்க, எஞ்சினியர் கேரட்டுக்கே சுருள் வெச்சுப்போட்டா!" என்று ஹாலைப் பார்த்துச் சத்தம் போட்டார். சமையக்காரம்மா கேசரி கிளறி இறக்கியதும், சூடாக ஒரு கரண்டி எடுத்து ஊதி ஆறவைத்து, என் கை ஈரமாக இருந்ததால் தன் கையாலேயே எனக்கு ஊட்டிவிட்டார்.

"சாப்டயா மத்தியானம்? மூஞ்சி வாடிக் கெடக்குது."

என் கண் கலங்கிவிட்டது. அந்தக் கையில் அன்பு இல்லை என்று இன்றும் என்னால் சொல்ல முடியாது. அது உண்மையான அன்புதான். அவர்கள் மில்லில் வேலை செய்தவர்களுக்கும் இதே அன்போடு சோறு போட்டிருப்பார்கள். மேலிருந்து கீழே எவ்வளவு வேண்டுமானாலும் வரும். கீழிருந்து மேலே எதுவும் ஏறாது. என் வேலையே கீழிருந்து மேலே ஏற்றுவது. எனக்கு அது அங்கே நின்றபோது தோன்றவில்லை.

தூக்குப்போசியைக் கொடுத்தேன். "அம்மா குடுத்துவிட்டாங்களுங்க. கச்சாயம்."

"எதுக்குக் கண்ணு அவங்களுக்குச் சிரமம்?" இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். திறக்கவில்லை. ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒரு மூலையில் வைத்தார்.

மாலையில் ஆட்கள் வந்தார்கள். ஹாலில் ஒரு நட்சத்திர விளக்கு, எனக்காகக் கட்டியது. மேசையில் எட்டுத் தட்டுகளும் வரிசையாக. எல்லாரும் என்னிடம் நன்றாகப் பேசினார்கள். "ஏனுங்க அம்மணி, நல்லா இருக்கறீங்களா?", "அம்மா சௌக்கியங்களா?", "வேலையெல்லாம் சிரமமுங்களா?" வார்த்தைக்கு வார்த்தை 'ங்க'. எங்கள் ஊர் மரியாதைக்குப் பேர் போனது. அந்த ஹாலில் என்னை ஒருவர்கூட மரியாதைக் குறைவாக ஒரு சொல் சொல்லவில்லை. இதை நான் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பிற்பாடு அவன் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான்.

அவனுடைய பெரியம்மா பொள்ளாச்சியிலிருந்து வந்திருந்தார். குடும்பத்தில் எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள். சோபாவில் உட்கார்ந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்தார்.

"உள்ளுக்குள்ள என்ன வெச்சிருக்குது கண்ணு?"

"முந்திரிங்க பெரியம்மா. கொஞ்சம் தேங்காய்."

"வறுத்ததா?"

"இல்லீங்க. பச்சை."

"அருமையா இருக்குது போ." இன்னொன்று எடுத்தார். பிறகு அத்தையைப் பார்த்துத் தெலுங்கில் ஏதோ கேட்டார். அத்தை, எல்லாம் இங்கேயே வெட்டியதுதான், எதையும் வேகவைக்கவில்லை என்று தெலுங்கில் பதில் சொன்னார். இரண்டு வருடத்தில் அந்த அளவுக்குத் தெலுங்கு எனக்கு வந்திருந்தது. என் திறமையைத்தான் சொல்கிறார் என்று பெருமையாக இருந்தது.

பெரியம்மா ஒரு கிண்ணத்தில் பயறு போட்டுக்கொண்டார். ஸ்பூன் வாய்க்குப் பக்கத்தில் போனபோது நின்றது.

"மொளை நல்லா வந்திருக்குதே. இங்கயா ஊறப்போட்டீங்க?"

"இல்லீங்க. ரெண்டு நாள் ஆகுங்களே. எங்க ஊட்ல ஊறவெச்சுக் கொண்டுவந்தனுங்க."

ஸ்பூன் கிண்ணத்துக்குத் திரும்பியது. கிண்ணம் மேசைக்குத் திரும்பியது. "எனக்கு வாயு கண்ணு. பயறு ஆகாது."

நானும் நம்பினேன். கெடுத்தது அவனுடைய மாமா ஒருவர்தான். அப்போதுதான் உள்ளே வந்தவர், பயறைத் தட்டு நிறைய அள்ளிக்கொண்டு பெரியம்மாவின் கிண்ணத்தைப் பார்த்தார்.

"ஏனக்கா, வாயுவா? போன மாசம் கல்யாணத்துல சுண்டலை மூணு வாட்டி வாங்கித் தின்னீங்களே, அப்ப வாயு எங்க, ஊருக்குப் போயிருந்துச்சா?"

எல்லாரும் சிரித்தார்கள். பெரியம்மா சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, தெலுங்கில், மூன்றே வார்த்தை சொன்னார். "வாள்ள இண்டி நீள்ளு." அவர்கள் வீட்டுத் தண்ணீர்.

மாமா என்னைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். நல்ல மனிதர், முகம் சிவந்துவிட்டது. "அட, பிரியாணி இருக்குதாமா? அப்ப வயித்துல எடம் வெச்சுக்கோணும்," என்று சொல்லித் தட்டை மேசை ஓரத்தில் வைத்துவிட்டு நகர்ந்தார்.

அதன்பிறகு அந்தத் தட்டுக்கு யாரும் வரவில்லை. யார் யாருக்குச் சொன்னார்கள் என்று நான் பார்க்கவில்லை. சொல்லவும் தேவையிருக்காது, பெரியம்மாவின் கிண்ணம் அங்கேயே இருந்தது. மற்ற ஏழும் குறைந்துகொண்டே வந்தன. நான் நின்று என் வேலையைச் செய்தேன். உப்பு ஒன்றுதான், எலுமிச்சை ஒன்றுதான், தேங்காய் ஒரே தேங்காய், வெட்டியது ஒரே கை. ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். மிஞ்சியது தண்ணீர். மற்ற ஏழும் அவர்கள் வீட்டுக் குழாயில் கழுவியவை, இது எங்கள் வீட்டுக் குழாயில் ஊறியது. இரண்டு குழாயிலும் வருவது ஒரே மலையடிவாரத்துத் தண்ணீர்.

பிறகு கட்லெட் ஞாபகம் வந்தது. பிறகு தயிர்.

அவனைப் பார்த்தேன். மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்றிருந்தான். அவன் எல்லாவற்றையும் கேட்டிருந்தான். ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் போட்டால் போதும் என்று நினைத்தேன். தினமும் என் டப்பாவிலிருந்து சாப்பிடுகிறவன். அவன் பயறுத் தட்டை எடுத்து, "இங்க எடம் பத்தல, உள்ள வெச்சர்றேன்," என்று யாருக்கோ சொல்லிவிட்டுச் சமையலறைக்குக் கொண்டுபோனான்.

சற்று நேரம் கழித்து நானும் உள்ளே போனேன். பின்வாசலில் சமையக்காரம்மா கிளம்பிக்கொண்டிருந்தார். அவர் ஒயர் கூடையில் செய்தித்தாள் பொட்டலம் ஒன்று எண்ணெய் ஊறி, ஏலக்காய் மணத்தோடு இருந்தது.

"உங்கம்மா கை நெம்ப நல்ல கைங்க," என்றார் சந்தோஷமாக. "ஒண்ணு தின்னு பாத்தேன், கரையுதுங்க வாயில. பேரனுக்கு ஆகட்டும்னு பூராத்தையும் என்கிட்டயே குடுத்துப்போட்டாங்க."

புறப்படும்போது அத்தை தூக்குப்போசியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். கழுவித் துடைத்திருந்தது. கனமாக இருந்தது.

"வெறும் போசியாத் திருப்பக் கூடாது அம்மணி. லட்டும் கேசரியும் வெச்சிருக்கேன். அம்மாவுக்குக் குடு."

"கச்சாயம் எப்படிங்க அத்தை இருந்துச்சு?"

"நெம்ப நல்லா இருந்துச்சு கண்ணு," என்றார், என் கன்னத்தைத் தொட்டு.

காரில் அவன்தான் முதலில் பேசினான். "எல்லாரும் உன்னைப் பத்திதான் பேச்சு. பெரியம்மாவே நல்ல பொண்ணுன்னுட்டாங்க."

"அடுப்பு வேண்டாம்னது ஏன்னு உனக்குத் தெரியும்."

அவன் ஒரு பஸ்ஸை முந்தினான்.

"தெரியுமா, தெரியாதா?"

"தெரியும். அம்மா போட்டது ஒரே ஒரு கண்டிஷன். சமைச்சது மட்டும் வேண்டாம், மத்ததெல்லாம் சரின்னாங்க. அதை உனக்கு வலிக்காத மாதிரி மாத்தி, பழம், காய்னு போன்ல சொல்ல அம்மாவுக்கு நான்தான் ஐடியா குடுத்தேன். அவ்வளவுதான். ஏழு தட்டு காலி ஆச்சு, அதைப் பாரு. போன வருஷம் இதே ஆளுங்க உன்னைப் பாக்கவே வரமாட்டேன்னாங்க."

"எட்டாவது தட்டு?"

"பயறை நீ வீட்டுல ஊறவெப்பேன்னு நான் எங்க கண்டேன்? தயிருக்குச் சொன்னேன்ல?"

அதைச் சொல்லும்போது அவன் குரலில் வருத்தம் இருந்தது. ஒரு வரைபடத்தில் ஒரு இடத்தைக் கவனிக்காமல் விட்டவனின் வருத்தம். அந்தக் குரலை எனக்கு ஆபீஸில் நன்றாகத் தெரியும். துடியலூரில் இறங்கிக்கொண்டேன்.

அம்மா விளக்கைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். தூக்குப்போசியைத் திறந்து பார்த்தார்.

"இது அவங்களுது. நம்முளது?"

"சமையக்காரம்மா பேரனுக்கு."

"ம்." மூடியைத் திரும்பப் போட்டார். "அந்தப் பையனாவது நல்லாத் தின்னட்டும்."

அந்த லட்டை நாங்கள் இருவரும் தொடவில்லை. மறுநாள் அம்மா அதைப் பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கவில்லை. எங்கே போட்டார் என்று எனக்குத் தெரியாது.

எங்கள் பக்கத்தில் கை நனைப்பது என்று ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் முடிவாகும்வரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் சாப்பிட மாட்டார்கள். முடிவானதும் வந்து இலை போட்டுச் சாப்பிடுவார்கள். கை நனைத்துவிட்டால் பிறகு பேச்சு மாறக் கூடாது. எல்லாச் சாதியிலும் உள்ளதுதான். நிச்சயதார்த்தத்தை மண்டபத்தில் வைத்து, வெளியில் சமையலுக்குச் சொல்லிவிடலாம் என்று அத்தை முன்பே சொல்லியிருந்தார். சிரமம் குறையும் என்று நானும் சரி என்றிருந்தேன். இப்போது அவனிடம் ஒன்று மட்டும் கேட்டேன். நிச்சயத்துக்கு முன்னால் அவன் அப்பாவும் அம்மாவும் எங்கள் வீட்டுக்கு வந்து, என் அம்மா சமைத்த சோற்றை ஒரு வேளை சாப்பிட வேண்டும். ரசம் சோறு போதும். வேறு எதுவும் வேண்டாம்.

பொங்கல் முடிந்த பிறகு பதில் வந்தது. அத்தையே அம்மாவுக்குப் போன் செய்தார். நான் பக்கத்தில் இருந்தேன். அம்மா ஸ்பீக்கரில் போட்டார்.

"கண்டிப்பா வாரோமுங்க. உங்க ஊட்டுக்கு வராம எங்க போறோம்? ஆனா நீங்க ஒண்ணும் சிரமப்பட வேண்டாமுங்க. எளனி வெட்டி வெச்சுப்போடுங்க, அதே போதுமுங்க. சித்த நேரம் உக்காந்து பேசிட்டு வருவோமுங்க."

"சரீங்க. நெம்ப சந்தோஷமுங்க," என்றார் அம்மா.

போனை வைத்ததும் நான் முடியாது என்றேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது. அது அவர்கள்மேல் அல்ல.

"எளனி போதாதா கண்ணு? எங்கப்பன் காலத்துல தோட்டத்துக்காரங்க நம்ம வாசப்படி மிதிக்க மாட்டாங்க. இன்னைக்கு வந்து உக்காந்து எளனி குடிக்கறேங்கறாங்க. உன்ற புள்ளை காலத்துல சோறு தின்னுவாங்க. எல்லாம் ஒரே நாள்லயா?"

"அவங்க ஆளுங்களுக்குத்தானேம்மா முப்பது வருஷம் ஊசி போட்டே? அப்ப உன்ற கைக்கு என்னன்னாங்க?"

"ஊசி வேற, சோறு வேற."

"எனக்கு வேற இல்லம்மா."

"உனக்கு என்ன, வேலை இருக்குது, சம்பளம் இருக்குது. பேசுவே. நான் செத்தா உன்னை யாரு பாப்பா?"

 கல்யாணம் வேண்டாம் என்று அவனிடம் அடுத்த நாளே சொல்லிவிட்டேன். அவன் கொஞ்ச நேரம் மேசையில் இருந்த ஸ்கேலைத் திருப்பித் திருப்பி வைத்துவிட்டுச் சொன்னான்: "ஒரு எளனிக்காக இவ்வளவு தூரம் வந்ததை விடறே." அவன் அப்படித்தான் புரிந்துகொண்டான். நான் திருத்தவில்லை.

இப்போது நிலைமை இது. நிச்சயதார்த்தம் நடக்கவில்லை, இனி நடக்காது. அவன் டிசைன் பிரிவில்தான் இருக்கிறான், நான் சோதனைப் பிரிவில். அவன் வரையும் பம்புகள் என்னிடம் வருகின்றன. சரியாக ஓடினால் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். பெரும்பாலும் சரியாகவே ஓடுகின்றன. அம்மா இப்போது ஒருவருக்கு மட்டும்தான் டப்பா கட்டுகிறார். என்னோடு பேசுகிறார், கல்யாணப் பேச்சைத் தவிர. போன கிறிஸ்துமஸுக்கு, அந்த விருந்து நடந்து ஒரு வருடம் ஆனபோது, நான் பழத்தட்டு எதுவும் வைக்கவில்லை. எல்லா வீட்டுக்கும் கச்சாயமே கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மா வேண்டாம் என்றார், ஆனால் சுட்டுக் கொடுத்தார். எல்லா வீட்டிலும் சிரித்த முகமாக வாங்கிக்கொண்டார்கள். எத்தனை வீட்டில் சாப்பிட்டார்கள் என்று தெரியவில்லை.